பிரசவத்தோடு நின்றுபோகும் எஸ்எம்எஸ்

ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்த அன்றைக்கே சிகரெட்டை நிறுத்துகிறாள். ஒன்பது மாதமும் தொடவில்லை. குழந்தை பிறந்தாயிற்று. இதற்கப்புறம் அவளுக்குத் துணை அதிகமாக வேண்டுமா, குறைவாகவா?

தூக்கம் போச்சு, உடம்பெல்லாம் வலி, பால் கட்டிக்கொள்கிறது, குழந்தை எதற்கு அழுகிறது என்று புரியவில்லை, கணவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான், அவன் சட்டையில் சிகரெட் வாசனை. எந்தப் பாட்டியைக் கேட்டாலும் "இப்பத்தான்டா கூட ஆள் இருக்கணும்" என்று சொல்லிவிடுவாள். பாட்டிக்குத் தெரிந்த இந்த விஷயம் இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரி நாடுகளில் கர்ப்பிணிகளுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் ரொம்ப நாளாக உறைக்கவில்லை. அவர்களுடைய எஸ்எம்எஸ், ஊதிப் பார்க்கும் கருவி, பரிசுக் கூப்பன் எல்லாம் பெரும்பாலும் பிரசவ வார்டு வாசலோடு திரும்பிவிடுகின்றன. என் சண்டை அதைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் ஒரு தொல்லையை முடித்துவிடுகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மூர் ஆட்களிடமிருந்து முதலில் வருவது இதுதான்: "அம்மாவா இருந்துகிட்டு சிகரெட்டா? அவளுக்கெல்லாம் எஸ்எம்எஸ் ஒரு கேடா?" எங்கள் வகுப்பிலும் ஒருத்தன் இதையே சொன்னான். சொன்னவன் டீக்கடை வாசலில் ஒரு நாளைக்கு ஏழெட்டு இழுக்கிறவன், அது வேறு விஷயம். அங்கே இருக்கிற பெண்கள் அம்மா ஆன பிறகு இந்தப் பழக்கத்தைப் பிடிக்கவில்லை ஐயா. பள்ளிக்கூட வயதில், கூட இருந்த எல்லோரும் பிடித்தபோது பிடித்தார்கள். வசதியான வட்டாரங்களை விட ஏழை வட்டாரங்களில் கர்ப்பிணிகள் புகைப்பது பல மடங்கு அதிகம். திட்டினால் அவர்கள் விடப்போவதில்லை, மறைக்கத்தான் போகிறார்கள். மறைக்கவும் செய்கிறார்கள்: ஸ்காட்லாந்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து 2009ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. வாயால் சொன்னதை மட்டும் நம்பிக் கணக்கெடுத்தால் புகைக்கிறவர்களில் சுமார் கால்வாசிப் பேர் விட்டுப்போகிறார்கள் என்றது அது. பயந்து பொய் சொல்கிறவளுக்கு யார் எப்படி உதவுவது?

சரி, எஸ்எம்எஸ்ஸுக்கு வருவோம். நான் அதற்கு எதிரி இல்லை. இன்னும் சொல்லப்போனால் ரசிகன்.

இதை ஒழுங்காகச் செய்து பார்த்தவர்களில் முந்தியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். ஆக்லாந்தில் நடந்த அந்த ஆய்வு 2005ல் வெளியானது. 1705 பேர், எல்லோரும் பெரும்பாலும் இளசுகள். பாதிப் பேருக்கு விடுவதற்கு உதவியாகத் தினமும் குறுஞ்செய்திகள். அறிவுரை மட்டும் இல்லை, விளையாட்டு, துணுக்கு, கவனத்தைத் திருப்புகிற அரட்டை என்று கலந்து கட்டி அனுப்பினார்கள். கூடவே ஒரு மாதம் இலவச எஸ்எம்எஸ் (அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய லஞ்சம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்). ஆறு வாரத்தில், செய்தி கிடைத்தவர்களில் 28 சதவீதம் பேர் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள், கிடைக்காதவர்களில் 13.

சொன்னால் போதுமா, சோதிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அதை லண்டனில் கரோலின் ஃப்ரீ தலைமையிலான குழு செய்தது. டெக்ஸ்ட்-டு-ஸ்டாப் என்று பெயர், 2011ல் லான்செட்டில் வந்தது. 5800 பேர். முதல் ஐந்து வாரம் தினம் ஐந்து செய்தி, அப்புறம் ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கை பரபரக்கும்போது "கிரேவ்" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் உடனே பதில் வரும். சறுக்கி ஒன்றைப் பற்ற வைத்துவிட்டால் "லாப்ஸ்" என்று அனுப்பலாம், அதற்கும் பதில் வரும். ஆறு மாதம் கழித்து எச்சிலைச் சோதித்துப் பார்த்ததில் விட்டவர்கள் 10.7 சதவீதம். வெறுமனே "ஆய்வில் பங்கெடுத்ததற்கு நன்றி" என்கிற மாதிரிச் செய்திகள் மட்டும் கிடைத்தவர்களில் 4.9. இரண்டு மடங்குக்கும் மேல். பத்துப் பேரில் ஒருவர்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். எந்த டாக்டரையும் பார்க்காமல், எங்கேயும் போகாமல், சட்டைப் பையில் இருக்கிற பொருளாலேயே கிடைத்த பலன் இது.

இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கர்ப்பிணிகள் பக்கம் திரும்பினார்கள். அங்கேதான் கதை சிக்கலாகிறது.

இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கென்றே மிக்விட் என்று ஒரு எஸ்எம்எஸ் திட்டம் செய்தார்கள். 12 வாரம். 2017ல் வந்த ஆய்வில் 407 பெண்கள். செய்தி கிடைத்தவர்களில் 5.4 சதவீதம், கிடைக்காதவர்களில் 2.0 சதவீதம் பேர் கர்ப்பகாலக் கடைசி வரை தொடாமல் இருந்தார்கள். நம்பிக்கையாகத் தெரிந்தது. சுமார் ஆயிரம் பெண்களை வைத்து மறுபடி செய்து 2022ல் வெளியிட்டபோது இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் க்விட்-ஃபார்-பேபி. 497 கர்ப்பிணிகள், 2017. மூன்றாவது மாதத்தில் "ஏழு நாளாகத் தொடவில்லை" என்று சொன்னவர்கள் இந்தப் பக்கம் 35 சதவீதம், அந்தப் பக்கம் 23. எச்சிலைச் சோதித்தால் 15.6க்கு 10.9 என்று சுருங்கிவிட்டது, தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம். கர்ப்பகாலத்தின் கடைசியில் அவர்களே சொன்ன கணக்கு மறுபடியும் செய்தி கிடைத்தவர்களுக்குச் சாதகம்தான். பிரசவத்துக்குப் பிறகு? இரண்டு குழுவும் ஒன்றுதான். வித்தியாசமே இல்லை.

"பார்த்தியா, எஸ்எம்எஸ் எல்லாம் வேலைக்காகாது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். சாதாரண ஆளுக்கு அனுப்புகிற செய்தி அவனுக்காக எழுதப்பட்டது: உன் நெஞ்சு, உன் காசு, உன் மூச்சு. கர்ப்பிணிக்கு அனுப்புகிற செய்தியில் முதலில் நிற்பது குழந்தை. குழந்தையின் நுரையீரல், குழந்தையின் எடை, குழந்தைக்குப் போகிற ரத்தம். எல்லாம் உண்மைதான், ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் இந்தக் காரணத்துக்கு ஒரு காலாவதித் தேதி இருக்கிறது. குழந்தை வெளியே வந்த அன்றைக்கு "என் ரத்தம் வழியாகப் போகிறதே" என்கிற பயம் முடிந்துவிடுகிறது. ஒன்பது மாதமும் அவள் தனக்காக விடவில்லை, வாடகைக்கு விட்டிருந்தாள். குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். பழைய ஆள் சாவியோடு வந்து நிற்கிறார்.

நான் உவமையில் விளையாடவில்லை. உதவித் திட்டங்களில் சேர்ந்த கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2016ல் 'அடிக்‌ஷன்' இதழில் ஒரு கணக்கு வந்தது. பிரசவம் வரைக்கும் புகைக்காமல் வந்த பெண்களில் 43 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். ஒன்பது மாதத் தவம் ஐயா! பாதிக்குப் பாதி, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நாளுக்கு முன்னாலேயே போய்விடுகிறது.

இப்போது இங்கிலாந்து அரசு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். அங்கே இருக்கிற தேசியக் கணக்கின் பெயரே "பிரசவ நேரத்தில் புகைத்தல்". குழந்தை பிறக்கிற அன்றைக்கு அம்மா புகைப்பவரா என்று குறித்துக்கொள்வார்கள். 2006-07ல் 15 சதவீதமாக இருந்தது 2023-24ல் 7.4க்கு இறங்கியிருக்கிறது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. 2017ல் போட்ட புகையிலைத் தடுப்புத் திட்டத்தில் இதை 2022 முடிவதற்குள் 6க்குக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள் (எட்டவில்லை). அந்தத் திட்டத்தின் பெரிய இலக்குகளில் வயது வந்தவர்களுக்கு ஒன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று, கர்ப்பிணிக்கு ஒன்று உண்டு. ஆறு மாதக் கைக்குழந்தையோடு இருக்கிற அம்மாவுக்கு? கிடையாது.

எண்ணாத ஆளுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? பரீட்சைக்கு வராத பாடத்தை எந்த மாணவன் படிக்கிறான்? (என்னைக் கேட்காதீர்கள்.) கர்ப்பிணியாக இருந்தபோது மிட்வைஃப் அவளை கார்பன் மோனாக்சைடு கருவியில் ஊதச் சொன்னார். ஊதினாள். இவ்வளவு குறைந்திருக்கிறது என்று எண்ணைக் காட்டிப் பாராட்டினார்கள். பல ஆய்வுகளில் பரிசுக் கூப்பன் வேறு. கிளாஸ்கோவில் 400 பவுண்டு வரை கூப்பன் கொடுத்து, 2015ல் வந்த முடிவில் விட்டவர்கள் 22.5 சதவீதம், கூப்பன் இல்லாதவர்களில் 8.6. எவ்வளவு நல்ல பலன்! அதுவும் கர்ப்பகாலக் கடைசியில் ஊதியதோடு முடிந்தது. அதற்கப்புறம் யாரும் அவளை ஊதச் சொல்வதில்லை. பாராட்டுகிறவரும் இல்லை.

மருந்து விஷயத்தில் இன்னொரு கூத்து. கர்ப்பகாலத்தில் பெண்ணுடைய உடம்பு நிகோடினை வழக்கத்தை விட வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். அதனாலேயே மற்றவர்களுக்குக் கைகொடுக்கிற நிகோடின் பட்டை கர்ப்பிணிக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை என்கிறார்கள். 2012ல் இங்கிலாந்தில் 1050 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் பட்டை ஒட்டியவர்களில் 9.4, போலிப் பட்டை ஒட்டியவர்களில் 7.6 சதவீதம்தான் பிரசவம் வரை தாக்குப்பிடித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு அந்த வேகம் பழையபடி தணிந்துவிடும். பால் கொடுக்கிற அம்மாவும் பட்டையைப் பயன்படுத்த அங்கே தடை இல்லை. ஆக, பட்டைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிற நேரம் பார்த்துக் கடையைச் சாத்திவிடுகிறார்கள்.

பிறந்த பிறகு ஏன் மறுபடி பற்ற வைக்கிறாள்? "பொறுப்பில்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்கள் ஹிலரி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளரைப் படிக்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கைக்குழந்தையோடு வறுமையில் இருக்கிற அம்மாக்களின் அன்றாடத்தை அவர் கூர்ந்து பார்த்தார். 1993ல் 'வென் லைஃப்ஸ் எ டிராக்' என்று புத்தகமே எழுதினார். அவர் கண்டது இதுதான்: நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடுகிற அந்தப் பெண்ணுக்குத் தனக்கென்று இருக்கிற ஒரே ஐந்து நிமிடம் அந்த சிகரெட். தனக்கென்று செய்துகொள்கிற ஒரே செலவும் பல வீடுகளில் அதுவே. குழந்தை அழுது அழுது இனிமேல் தாங்காது என்கிறபோது, அதைத் தொட்டிலில் பத்திரமாகப் போட்டுவிட்டுப் பின்வாசலில் போய் நின்று மூச்சு விடுகிற நேரம். குழந்தை மேல் கோபத்தைக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே சிலர் வெளியே போனார்கள்.

இதைப் படித்த பிறகு "உங்கள் குழந்தையின் நுரையீரலை எண்ணிப் பாருங்கள்" என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப எனக்குக் கை வராது. அவள் எண்ணாமலா இருக்கிறாள்? தொட்டில் மரணம் வருமோ என்று ராத்திரி பத்துத் தடவை எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள் அவள். குற்ற உணர்ச்சி ஏற்கெனவே வண்டி வண்டியாக இருக்கிறது. அதனால் வருகிற கெடுதலும் உண்டு. புகைக்கிற அம்மாக்கள் தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். "என் பாலில் விஷம்" என்கிற பயமும் அதற்கு ஒரு காரணம். உண்மையில் இங்கிலாந்தின் என்.எச்.எஸ். சொல்வதே வேறு: விட்டால் ரொம்ப நல்லது, விட முடியாவிட்டாலும் பால் கொடுப்பதை நிறுத்தாதே. இந்த ஒரு வரியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் எத்தனை குழந்தைகளுக்குப் பால் மிஞ்சும்!

அப்படியானால் என்ன அனுப்பலாம்? எனக்குத் தோன்றுகிறதை எழுதுகிறேன், நிபுணர்கள் திருத்தட்டும். ராத்திரி மூன்று மணிக்கு அவள் ஒரு வார்த்தை அனுப்பினால்: "முழிச்சிருக்கியா? பசிக்குதா? தண்ணி குடி, ஒரு வாழைப்பழம் சாப்பிடு. இந்த ஆசை அஞ்சு நிமிஷத்துல தணியும். நான் மறுபடி கேக்கறேன்." அஞ்சு நிமிஷம் கழித்துக் கட்டாயம் கேட்க வேண்டும். சறுக்கிவிட்டாள் என்றால்: "ஒண்ணுதானே? ஒன்பது மாசம் வீணாகல. பாக்கெட்ட வீட்டுக்குள்ள வச்சுக்காதே." நாற்பதாம் நாள், யாரும் எதிர்பார்க்காமல்: "இன்னைக்கு உன்னை யாராவது கேட்டாங்களா, குழந்தையை இல்ல, உன்னை?" சிகரெட் இல்லாமலேயே அந்தப் பின்வாசல் ஐந்து நிமிடம் அவளுக்கு உரிமை என்று யாராவது சொல்ல வேண்டும். லண்டன் ஆய்வில் "கிரேவ்", "லாப்ஸ்" என்று செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே? ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தார்களே? ஆபீஸ் போகிற ஆம்பளைக்கு ஆறு மாதம் செய்தது, பச்சை உடம்புக்காரிக்கு மட்டும் ஏன் நீளவில்லை?

அனுப்ப முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2010ல் ஆரம்பித்த டெக்ஸ்ட்-ஃபார்-பேபி, தடுப்பூசி, தூக்கம், உணவு என்று பொதுவான செய்திகளைக் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரைக்கும் வாரத்துக்கு மூன்று அனுப்பியது. வழி இருந்தது. மனம்தான் பிரசவ அறையோடு நின்றுவிட்டது.

இன்னொரு முக்கியமான ஆளை இதுவரை யாரும் தொடவே இல்லை. வீட்டுக்காரர்! விட்ட பெண் மறுபடி ஆரம்பிப்பதற்கான காரணங்களைப் பட்டியல் போட்ட ஆய்வுகளிலெல்லாம் கூட இருக்கிறவன் புகைப்பது மேலேதான் நிற்கிறது. பெற்றோரில் யார் புகைத்தாலும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்காதீர்கள் என்று என்.எச்.எஸ். சொல்கிறது. "அம்மா" என்று இல்லை, "யார் புகைத்தாலும்". ஆனால் நான் மேலே சொன்ன கர்ப்பிணித் திட்டங்கள் எல்லாமே போவது அவள் நம்பருக்கு. அடுப்படியில் அவன் பாக்கெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போவான், இவளுக்கு போனில் அறிவுரை வந்து விழும். எந்த ஊர் நியாயம் இது? இங்கிலாந்தின் 2019 நீண்டகாலத் திட்டத்தில் கர்ப்பிணிக்கும் துணைவருக்கும் சேர்த்து என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவரை சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எஸ்எம்எஸ் மலிவு. அதனாலேயே அரசாங்கங்களுக்கு அதன் மேல் காதல். இங்கிலாந்தில் புகை நிறுத்த உதவி மையங்களை 2013ல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள், 2015லிருந்து அதற்கான பணத்தை வெட்டினார்கள், பல ஊர்களில் மையங்கள் சுருங்கின. 2023ல்தான் மறுபடி கூடுதல் பணம் அறிவித்தார்கள். எதிரே உட்கார்ந்து பேசுகிற ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு போன் நம்பரை வைத்தால் அது சேவை இல்லை, கைகழுவல். மூன்று மணிக்கு எஸ்எம்எஸ், காலையில் கதவைத் தட்டுகிற ஒரு நர்ஸ், இரண்டும் வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுக் கதை, நமக்கென்ன" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைக்கிற பெண்கள் 2 சதவீதம், ஆண்கள் 19 சதவீதம். வீட்டுக்குள் மற்றவர் புகையைச் சுவாசிக்கிற பெரியவர்கள் 38.7 சதவீதம். அதாவது நம்மூர்ப் பச்சை உடம்புக்காரி பற்ற வைக்காமலேயே புகைக்கிறாள். மிஸ்டு கால் கொடுத்தால் புகையிலையை விடுவதற்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற அரசுத் திட்டம் 2016ல் இங்கேயும் வந்தது. அதே 2016ல் வந்த கில்காரி, கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகிற வரை வாரம் ஒரு குரல் அழைப்பாக ஆலோசனை சொல்கிறது. பிரசவத்தோடு நிற்கவில்லை, அந்த வகையில் நாம் முந்திக்கொண்டோம். நம்மூரில் பல வீடுகளில் போன் இருப்பது கணவன் பையில். இதை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள், குறைதான். புகை விஷயத்தில் மட்டும் அது வசதி: செய்தி நேராகப் போக வேண்டியவன் கைக்கே போகும். இரண்டு திட்டத்தையும் ஒரு முடிச்சுப் போட்டு, "உங்கள் குழந்தைக்கு இன்று நாற்பது நாள், பீடியை வீட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள், விட வேண்டுமானால் இந்த நம்பருக்கு மிஸ்டு கால்" என்று அவனுக்குச் சொல்ல என்ன தடை?

இங்கிலாந்துக்காரர்களிடம் நான் கேட்பது இன்னும் சின்னது. இரண்டாவதாக ஒரு எண்ணை எண்ணுங்கள். அங்கே 16ஆவது வாரத்தில் எப்படியும் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கு அந்த ஊதிப் பார்க்கும் கருவியை மேஜையில் வையுங்கள். கூட வந்திருக்கிற அப்பாவை முதலில் ஊதச் சொல்லுங்கள்.